இரத்த அழுத்தமும் இல்லத்துத் தேகப்பயிற்சியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, தமிழ்ப் பண்டிதன் என்னும் உரிமை பற்றி இலக்கியப் பொருள் ஒன்றையே எதிர்பார்த்தனர். யானோ வைத்திய விஷயம் ஒன்றைப் பேச அனுமதி வேண்டினேன். "உமக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் வினவினார். சம்பந்தம் உண்டு. யான் வைத்தியன் அல்லேன், நோயாளி. ஆறு ஆண்டுகளாக எனக்குச் சிறுநீரக வியாதி இருந்து வருகின்றது. என் இல்லத்தாரும் வைத்தியரும் அன்றிப் பிறர் ஒருவரும் இதுகாறும் இதனை அறியார்.

மறைத்ததன் காரணத்தை இச்சபையோர்க்கு யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. என் வீட்டில் மணப்பருவம் எய்திய பெண் ஒருத்தி இருக்கின்றாள். "அந்தக் குடும்பத்தில் கிட்னி வியாதி" என்ற ஒரு சொல் எழுந்தால், ஜாதகம் கேட்டு வருவோர் வாசலிலிருந்தே திரும்புவர். அச்சொல்லைச் சொல்வோரும் நம்மவரே. அதற்கு அஞ்சுவோரும் நம்மவரே. உண்மை யாதெனின், இவ்வியாதியில் பெரும்பகுதி நீரிழிவாலும் இரத்தக் கொதிப்பாலும் விளைவது. நீர்க்கட்டிகள் நிறைந்து வரும் வகை போன்ற சிலவே தந்தை தாய்வழி நேரே இறங்குவன. ஆதலின் ஒருவர்க்கு இந்நோய் உண்டு என்று கேட்ட மாத்திரத்தே அவர் குலம் முழுவதையும் ஐயுறுதல் அறியாமையாம். என் மகளும் என் துணைவியாரும் இசைந்த பின்னரே இன்று வாய் திறந்தேன்.

இனிப் பொருளுக்கு வருவேன். சிறுநீரகம் என்பது இக்காலம் வழங்கும் சொல். நம் பாட்டிமார் குண்டிக்காய் என்றனர். மாணாக்கர் நகைப்பர் என்று அஞ்சி யானும் வகுப்பில் முன்னைய சொல்லையே வழங்குகின்றேன். முதுகெலும்பின் இருபுறமும் அவரை வித்தின் வடிவாய், ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவாய் அமைந்த இவ்வுறுப்புகளில், தனித்தனியே ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் இவற்றின்வழி வடிந்து, அதில் ஒன்றரை லிட்டரளவே சிறுநீராய்க் கழிய, எஞ்சியதெல்லாம் மீண்டும் இரத்தத்திற்கே திரும்புகின்றது.

திருப்பூராருக்கு இதனை விளக்குதல் எளிது. 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் நம் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட துன்பத்தை நாம் மறந்திலோம். அதன்பின், கழிவுநீரில் ஒரு துளியும் நொய்யலுக்குச் செல்லாதபடி வடிகட்டி, உப்பைப் பிரித்து, நீரை மறுபடியும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் நிலையங்களால் தொழில் உயிர் பெற்றது. அந்நிலையங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள்: மெல்லிய சவ்வின் வழியே நீரைச் செலுத்த அழுத்தம் வேண்டும், அளவுக்கு மிஞ்சினால் சவ்வே கெடும். நம் உடம்பினுள்ளும் அஃதே. இரத்தத்தின் அழுத்தம் மிகுந்தால் வடிகட்டிகள் தழும்பேறிச் சாகின்றன. அவை குறையவே உப்பும் நீரும் உடலில் தேங்கி அழுத்தத்தை இன்னும் ஏற்றுகின்றன. அன்றியும், நலிந்த சிறுநீரகம் தனக்கு இரத்தம் போதவில்லை என்று தவறாக எண்ணி, ரெனின் என்னும் பொருளைச் சுரந்து குழாய்களை இறுகச் செய்கின்றது. அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்க, சிறுநீரகம் அழுத்தத்தைக் கூட்ட, இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் பகை இது.

இவ்வுறவை முதலில் தெளிவாய்க் காட்டியவர்களுள் ஒருவர், லண்டன் நகரத்து கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த ரிச்சர்டு பிரைட் என்னும் வைத்தியர். உடல் வீங்கி இறந்தோர் சிலரின் சிறுநீரகங்கள் கெட்டிருந்ததையும், அவர்தம் சிறுநீரைக் கரண்டியிலிட்டுக் காய்ச்சியபோது முட்டை வெண்கரு போல் திரிந்ததையும் 1827-இல் அவர் எழுதி வைத்தார். அத்தகையோரின் இருதயம் பருத்துத் தடித்திருந்ததும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அவர் காலத்தில் மனிதர் கையில் கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவி இல்லை. கைப்பட்டையைக் கட்டிக் குழலால் ஓசை கேட்கும் முறையை ரஷ்ய தேசத்துக் கொரோட்காவ் 1905-இல்தான் வெளியிட்டார். இன்று அக்கருவி, நல்ல சட்டை இரண்டின் விலைக்குக் கடையில் கிடைக்கின்றது. ஆயினும் நம் வீடுகளில் எத்தனை பேரிடம் அஃது உளது?

என் கதையைச் சொல்கின்றேன். ஆறு ஆண்டுகட்கு முன் எங்கள் பள்ளியில் நடந்த பரிசோதனை முகாமில் என் அழுத்தம் 164-க்கு 102 என்று கண்டனர். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நடையில் தளர்ச்சி இல்லை. சிறுநீரில் புரதம் கசிந்தது. இரத்தத்தில் கிரியாட்டினின் 1.8. சிறுநீரகத்தின் வடிதிறன், நூற்றையொட்டி இருக்க வேண்டுவது, 48-ஆய்க் குறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தும் அவ்வாறே இருந்தமையின், நாட்பட்ட வியாதி என்று வைத்தியர் உறுதி செய்து, இருவகை மாத்திரைகளும் உப்புக் குறைப்பும் தினந்தோறும் நடையும் விதித்தார்.

மூன்றனுள் நடை எனக்கு மிக இனித்தது. இருள் பிரியுமுன் எழுந்து ஒரு மணி நேரம் நடப்பேன். உடல் இலேசாயிற்று, உறக்கம் நன்றாயிற்று. அந்நிலையில் நண்பர் ஒருவர், "இவ்வளவு நடக்கின்றீர், மாத்திரை எதற்கு? அதுதான் கிட்னியைக் கெடுக்கும்" என்றார். பலர் வாயிலும் வழங்கும் இம்மொழியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இலக்கணத்தில் ஒரு விதிக்கு மேற்கோள் கேட்காமல் ஒப்பாத யான், இதற்கு ஒரு மேற்கோளும் கேட்டிலேன். மாத்திரையை விட்டேன். நான்கு மாதம் நடந்தேன். நலமாக இருப்பதாகவே உணர்ந்தேன். நான்காம் மாத முடிவில் அழுத்தம் 172-க்கு 106, கிரியாட்டினின் 2.3, வடிதிறன் 36. அன்று இழந்த பன்னிரண்டு இன்றுவரை மீளவில்லை. வடிகட்டிகள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை என்று வைத்தியர் கடிந்து கொள்ளாமலே சொன்னார். கடிந்திருந்தால் ஒருவாறு ஆறியிருப்பேன்.

ஆகவே அப்பியாசத்தால் அழுத்தம் எவ்வளவு குறையும் என்பதை மிகையின்றி அறிதல் வேண்டும். நடக்கும்போது தசைகள் இயங்க, இரத்தக்குழாய்களின் உட்புறத்தே நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து அவை நெகிழ்கின்றன. நரம்புகளின் முறுக்கும் தணிகின்றது. பயிற்சி முடிந்த சில மணி நேரம் அழுத்தம் தாழ்ந்து நிற்பதும் உண்டு. இரத்தக் கொதிப்பு மட்டும் உடையார்க்கு, தவறாத பயிற்சியால் மேல் எண் 5 முதல் 8 வரை குறையும் என்பர். சிறுநீரக நோயாளர் திறத்திலோ ஆராய்ச்சிகள் ஒருமுகமாக இல்லை. சிலவற்றில் ஆறு மாதத்தில் 5 அளவு குறைந்தது, சிலவற்றில் குறையவேயில்லை, பயிற்சியை விட்டாரிடம் கிடைத்த பயனும் நீங்கியது. எனக்கு அன்று இறங்க வேண்டியிருந்ததோ 40 அளவு. நாற்பது ரூபாய்க் கடனுக்கு ஐந்து ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கைத் தீர்த்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு விதித்த மாத்திரை அழுத்தத்தைத் தாழ்த்துவதோடு புரதக் கசிவையும் குறைப்பது. அவ்வேலையை நடை செய்யாது.

அங்ஙனமாயின் நடை எதற்கு என்பீர்கள். இதற்கு என் பெரியப்பா மகனாகிய அண்ணாரின் கதையே விடை. அவர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராய் இருந்தார். யான் அவரை நடக்க அழைத்த காலத்தில், "தம்பி, காலை எட்டரைக்கு மேசை முன் நின்றால் ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவுதான் உட்காருகின்றேன். இதற்கு மேலும் ஓர் அப்பியாசமா?" என்று நகைத்தார். கைமடிக்கும் பெண்டிரும், அயர்ன் மேசையில் நிற்போரும், பவர் டேபிளில் குனிந்திருப்போரும் இவ்வாறே எண்ணுகின்றனர்; எண்ணுவதில் நியாயமும் தோன்றுகின்றது. ஆனால் உழைப்பு வேறு, அப்பியாசம் வேறு. டென்மார்க்கு தேசத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவரைப் பல்லாண்டு கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்க்கு இருதய நோயும் மரணமும் குறைவாகவும், தொழிலில் கடினமாய் உழைத்தவர்க்கு அதிகமாகவும் காணப்பட்டன. ஒரே இடத்தில் நின்று, ஒரே தோளை அசைத்து, இளைப்பாறல் இன்றி நாள் முழுதும் உழைத்தால் இருதயம் வலுப்பெறுவதற்கு இடமின்றி அழுத்தம் மட்டும் உயர்ந்தே நிற்கின்றது. போதாக்குறைக்கு, முதுகுவலிக்கென்று சீட்டின்றி வாங்கும் வலிமாத்திரை வேறு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் முதலியன சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து அழுத்தத்தையும் ஏற்றுவன. அண்ணார் அவற்றை வெற்றிலை பாக்குப்போல் பல ஆண்டு உட்கொண்டார். நம் தொழிலாளரில் எத்தனை பேர் பையில் அவ்வில்லைகள் உள என்று இங்கிருப்போர் தம் மனத்தைத் தாமே கேட்டுக்கொள்க.

மூன்று ஆண்டுகட்கு முன் அவர்க்கு டயாலிசிஸ் தொடங்கிற்று. அதுமுதல் வீட்டார் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விட்டிலர். அண்ணியார் அன்பினாலேயே அவ்வாறு செய்தார். நோயாளி அசையக்கூடாது என்பது நம் இல்லங்களில் எழுதாச் சட்டமன்றோ? எட்டு மாதத்தில் அவர் தொடைகள் மெலிந்து, கழிவறைக்குச் செல்லவும் இருவர் பிடிக்க வேண்டியதாயிற்று. சிறுநீரக நோயினர்க்குத் தசை இயல்பாகவே விரைந்து கரையும். படுக்கை அதனை இன்னும் விரைவாக்கும்.

அப்போதுதான் அரசாங்கத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின் வழியே இயன்முறை வைத்தியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பெற்ற அத்திட்டம் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொணர்ந்ததோடு, பயிற்சி சொல்லிக்கொடுப்போரையும், வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்வார்க்கு வேண்டும் திரவப் பைகளையும் அனுப்பியது. வந்தவர் அண்ணாரை நாற்காலியில் அமர்த்தி, "கை ஊன்றாமல் எழுங்கள்" என்றார். ஒருமுறை எழுந்தார். மறுவாரம் மூன்று. இன்று அவர் பத்துமுறை எழுந்தமர்கின்றார். தெருக்கோடிப் பால்கடைவரை தனியே சென்று வருகின்றார். அவர் அழுத்தம் பெரிதாக இறங்கிவிட்டது என்று யான் சொல்லவில்லை. தன் கோவணத்தைத் தானே கட்டிக்கொள்ளும் மானம் மீண்டது. அதற்கு எண் இல்லை.

அண்ணார் ஒருவர் மாட்டு நிகழ்ந்த அற்புதம் அன்று இது. இத்தாலியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 296 பேரை இருகூறாக்கி, ஒரு கூறினரை வீட்டிலேயே, டயாலிசிஸ் இல்லாத நாட்களில், நாளுக்கு இருமுறை பத்துப் பத்து நிமிஷம், தத்தமக்கு இசைந்த வேகத்தில் நடக்கச் செய்தனர். ஆறு மாதத்தின் பின், ஆறு நிமிஷத்தில் அவர் கடக்கும் தூரம் 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராயிற்று. நடவாத கூறினர் இருந்தபடியே இருந்தனர். 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. தைவான் தீவில் டயாலிசிஸ் நிலைக்கு வாராத 6,363 நோயாளரைத் தொடர்ந்ததில், நடப்பவரிடத்து மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாயிருந்தது. நடக்க வல்லவரே நடந்தார் என்று இதற்கு ஒரு தடை எழுப்பலாம், அத்தடை நியாயமே. எனினும் படுத்திருப்பதே நலம் என்று காட்டும் ஆராய்ச்சி ஒன்றனையும் யான் கண்டிலேன்.

செய்முறை கூறுவேன். தொடங்குமுன் தம் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்க. முதல் வாரம் பத்து நிமிஷ நடை போதும். பேச முடியும், பாட முடியாது என்னும் அளவே தக்க வேகம். சிறுகச் சிறுகக் கூட்டி வாரத்தில் 150 நிமிஷம் எய்துக; எய்தாவிடினும் குற்றமில்லை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று ஜில்லாதோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்தனர். அது சிறந்ததே, ஆயின் லாரியும் நாயும் மிகுந்த நம் சந்துகளில் நடக்க அஞ்சும் தாய்மார், மொட்டைமாடியிலும் கூடத்திலும் நடக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியினின்று எழுந்தமர்தலும், சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்தலும், சுவரில் கையூன்றித் தள்ளலும் செய்க. நகரங்களில் இழுத்துப் பயிலும் ரப்பர்ப் பட்டையை விலை கொடுத்து வாங்குகின்றனர். நமக்கோ ஜட்டிக்குத் தைக்கும் எலாஸ்டிக் ஊரெல்லாம் கிடக்கின்றது. அகன்ற பட்டையை இரட்டையாய் மடித்தால் தொடக்கத்திற்குப் போதும். எதனைச் செய்யினும் மூச்சை அடக்கித் தம் பிடித்தல் ஆகாது. அக்கணமே அழுத்தம் சீறும். இளைஞர் சிலர் பளுத் தூக்கும் கூடங்களில் புரதப் பொடி உண்கின்றனர். இந்நோய் உடையார் வைத்தியரைக் கேளாது அதனைத் தொடலாகாது.

மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தொட்ட நாளில் பயிற்சி வேண்டா. அன்று வைத்தியரைக் காண்க. மார்பில் வலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் தோன்றின் உடனே நிறுத்துக. டயாலிசிஸ் முடித்து வந்த பொழுதில் அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வருமாதலின் அப்பொழுது ஓய்க. இரத்தக்குழாய் இணைத்த கையில் கைப்பட்டை கட்டலும் சுமை தூக்கலும் கூடா. நீரிழிவு உடையார் வெறுங்காலுடன் நடவாது காலைத் தினமும் பார்த்துக்கொள்க. பங்குனி சித்திரை வெயிலில், விடியற்காலை தவிர வேறு பொழுது கொள்ளற்க; உடல் நீர் வற்றுவதும் சிறுநீரகத்திற்குப் பகையே. நீர் குடிக்கும் அளவு வரையறுக்கப்பட்டோர், நடந்த களைப்பில் செம்பு செம்பாய்க் குடியாதிருக்க.

அளத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் இதில் பிழை செய்கின்றனர். காப்பியோ புகையோ நடையோ முடிந்து அரைமணி சென்ற பின், சிறுநீர் கழித்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிஷம் வாளா இருந்து, கையை இருதய மட்டத்தில் வைத்து அளக்க. பேசலாகாது. காலையில் மாத்திரைக்கு முன்னும் மாலையிலும், ஒரு நிமிஷ இடைவெளியில் இருமுறை பார்த்துக் குறித்து வைக்க. வீட்டில் அளப்பது 135-க்கு 85-ஐத் தொடர்ந்து கடக்குமாயின் அது மிகுதி. சிறுநீரக நோயாளர்க்கு இன்னும் தாழ்ந்த எல்லையை வைத்தியர் வகுப்பதுண்டு. உப்பு நாளுக்கு ஐந்து கிராம், அதாவது சிறுகரண்டி ஒன்று. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மாலைத் தேநீரோடு வரும் வடை போண்டா எல்லாம் அக்கணக்கிலேயே சேரும். சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்பில் பொட்டாசியம் இருப்பதால் நமக்கு அது ஆகாது.

இவையெல்லாம் செல்வர்க்கே கூடும் என்று எண்ணற்க. சென்னையில் டாக்டர் எம். கே. மணி என்னும் சிறுநீரக நிபுணரின் முயற்சியில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறநிலையம், நகரை அடுத்த கிராமங்களில் 25,000 மக்களிடையே ஒரு பணி நடத்திற்று. அவ்வூர்ப் பெண்களையே பழக்கி வீடுவீடாய் அனுப்பிச் சிறுநீரைச் சோதித்து, அழுத்தம் அளந்து, நோய் கண்டவர்க்கு மிக மலிந்த மருந்துகளையே கொடுத்தனர். அம்மருந்துகளுள் ஒன்றாகிய ரெசர்பின், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுப்பது. விலையுயர்ந்த மருந்தின்றியே பெரும்பாலோர்க்கு அழுத்தம் அடங்கிற்று. 2023-இல் நம் அரசாங்கமும் சிறுநீர்ப் பரிசோதனைக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அங்கே வேலை செய்தது கைப்பட்டையும் சோதனைக் குழாயும், வீடுதோறும் ஏறி இறங்கிய பெண்களின் கால்களுமே.

அதனை நம் சிறுவட்டத்தில் செய்யலாகாதா என்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டேன். இசைந்தனர். வருகின்ற ஞாயிறு முதல், காலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை, சங்கக் கட்டடத்தின் வாசகசாலையில் அழுத்தம் அளக்கும் கருவி ஒன்று இருக்கும். யானும் இருப்பேன். பெயர் எழுத விரும்பாதவர் எண் மட்டும் எழுதிக்கொள்ளலாம். என் பெயர் முதல் ஏட்டில் எண்ணோடு எழுதப்பட்டிருக்கின்றது. கருவியின் கைப்பட்டை இரண்டு அளவில் வாங்கியுள்ளோம். பருத்த கையுடையார் பெரியதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்க. சிறியதைக் கட்டினால் எண் பொய்யாய் ஏறிக் காட்டும்.